மளை என்று வாசித்தால் மதிப்பெண் குறையுமா?

சேவூர்ப் பக்கம் இப்போது வீட்டுப்பாடம் நோட்டோடு முடிவதில்லை. "இந்தப் பத்தியை வாசித்துக் குரல் பதிவாக அனுப்பு" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் போடுகிறார், பிள்ளை வாசித்து அனுப்புகிறது. கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தபோது வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் இது. பள்ளி திறந்த பிறகும் தங்கிவிட்டது. அரசும் இதே வழியில்தான் போயிற்று. 2021 அக்டோபரில் மரக்காணம் பகுதியில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 12 நாட்கள் 'வாசிப்பு மாரத்தான்' நடந்தது. கூகுளின் ரீட் அலாங் செயலியைத் திறந்தால் தியா என்றொரு பொம்மைப் பெண் வருவாள். பிள்ளை வாசிப்பதை அவள் கேட்பாள், சரியாக வாசித்தால் பாராட்டுவாள், தடுக்கினால் எடுத்துக்கொடுப்பாள். எத்தனை சொல் வாசித்தாய் என்று கணக்கும் வைப்பாள்.

இதெல்லாம் பணக்கார நாட்டு விளையாட்டு, நமக்கு ஆகாது என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அந்தக் கட்சி இல்லை. மொழி வகுப்பில் குரல் பதிவு நம் பிள்ளைகளுக்குத்தான் மற்ற யாரையும்விட அதிகம் தேவை. அந்தக் குரல் யார் காதுக்குப் போகிறது, யார் மதிப்பெண் போடுகிறார்கள், பிறகு அது எங்கே தங்குகிறது என்பதில்தான் எங்கள் சண்டை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தால்கூட ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கிடைப்பது ஒரு நிமிடம். உண்மையில் அந்த ஒரு நிமிடமும் பங்கு பிரிவதில்லை. நன்றாக வாசிக்கிற நான்கைந்து பேர் எழுந்து வாசிப்பார்கள், மற்றவர்கள் கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்கள். காலனிப் பிள்ளை எங்கே உட்காருகிறது, அதன் பெயரை ஆசிரியர் மாதத்துக்கு எத்தனை முறை கூப்பிடுகிறார் என்று படித்து வந்த நம் எல்லாருக்கும் தெரியும். தமிழ்ப் பாடத்தில் ஓராண்டு முழுக்கத் தன் குரலில் ஒரு பத்திகூட வாசிக்காமல் அடுத்த வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். கையில் ஒரு போனும் ஒரு மூலையும் கிடைத்தால் அந்தப் பிள்ளை ஒரே மாலையில் பத்து முறை வாசித்துவிடும். சிரிக்க ஆள் இல்லை. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாம். இந்த அழிக்கும் வசதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது வகுப்பில் ஒருமுறையாவது சிரிப்பொலிக்கு நடுவில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இனி 'ழ' விவகாரத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் பேச்சில் பெரும்பாலோர் மளை என்றும் வாளைப்பளம் என்றும்தான் சொல்கிறோம். தோட்டத்துக்காரரும் அப்படித்தான் சொல்கிறார், அந்தத் தோட்டத்தில் கடலை பிடுங்கப் போகிறவரும் அப்படித்தான் சொல்கிறார். சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடக்கும்போது போய் நின்று கேளுங்கள், யார் வாயில் ழகரம் சுழல்கிறது என்று பார்க்கலாம். ஆனால் வகுப்பில் அது ஒரு பிள்ளைக்கு 'நம்ம ஊர்ப் பேச்சு', இன்னொரு பிள்ளைக்கு 'நாக்கு திரும்பாத சாதி'. ஒலி ஒன்றுதான். கேட்கிற காது வாய்க்குப் பின்னால் இருக்கிற தெருவைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறது.

இதோடு இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கே அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். பிள்ளை வீட்டில் நீள்ளு கேட்கும், பள்ளியில் தண்ணீர் கேட்க வேண்டும், புத்தகத்தில் நீர் என்று வாசிக்க வேண்டும். மூன்று படி ஏறி வருகிற பிள்ளை அது. அது வாசிக்கத் தடுக்கினால் 'மந்தம்' என்கிறார்கள். தெலுங்கு பேசுகிற மற்ற சாதிக்காரர்களும் இதே ஊர்களில் உண்டு. அவர்கள் பிள்ளைகளை யாரும் மொழி வராதவர்கள் என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

சாதிக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது, மொழி படிக்கிற மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டியது. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் உத்தரப்பிரதேசத்தில் காலாப்பூர் என்ற கிராமத்தில் தங்கி ஆராய்ந்து 1958இல் எழுதினார். தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட சாதியினர் பகல் முழுக்க மேல்சாதிக்காரரின் நிலத்திலும் வீட்டிலும் வேலை செய்கிறார்கள், அவர்களோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் பேச்சு வழக்கு தனியாகவே இருக்கிறது, ஏன்? வேலை வாங்குகிற பேச்சு மொழியைக் கலப்பதில்லை, ஒன்றாக உட்கார்ந்து பழகுகிற நட்புப் பேச்சும் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதும்தான் கலக்கின்றன என்பது அவர் கண்டது. நம் ஊருக்கு இதை அப்படியே வைத்துப் பாருங்கள். காலனியும் ஊரும் தனித்தனி, குடிநீர்த் தொட்டி தனி, விளையாடும் இடமும் தனி. பிறகு பேச்சு மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஊர் பிரித்துவைத்த வேலைக்குப் பிள்ளையின் நாக்கைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

சரி, மனிதக் காதில் சாதி இருக்கிறது, இயந்திரக் காதில் இருக்காதே, அதனால் செயலியிடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அங்கேயும் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களுக்கு வெள்ளையர் குரலையும் கறுப்பர் குரலையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையர் பேசியதில் சராசரியாக 100 சொல்லுக்கு 19 பிழை. கறுப்பர் பேசியதில் 35. இரு தரப்பும் ஒரே சொற்றொடரைச் சொன்ன இடங்களிலும் இடைவெளி மறையவில்லை. அதாவது கோளாறு இலக்கணத்தில் இல்லை, கறுப்பர்களின் குரலை அந்த இயந்திரங்கள் போதுமான அளவு கேட்டு வளரவில்லை. இயந்திரம் எந்தக் குரல்களைக் கேட்டுப் பழகியதோ அதைத்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு மட்டும் வேறு விதி கிடையாது. அரசுப் பள்ளியில் ஒரு செயலி நம் பிள்ளையின் உச்சரிப்புக்கு நட்சத்திரம் கொடுக்கிறது என்றால், அதைக் கொங்குப் பேச்சில் வைத்துப் பார்த்தீர்களா, தென்மாவட்டப் பேச்சில் பார்த்தீர்களா, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளின் தமிழில் பார்த்தீர்களா, காலனிப் பிள்ளைகளின் குரலில் பார்த்தீர்களா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. சோதித்த முடிவைக் கல்வித்துறை வெளியிட வேண்டும்.

ரீட் அலாங்கைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை கதைகளைத் தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே அது வேலை செய்யும். குரல் போனுக்குள்ளேயே ஆராயப்படுகிறது, தங்கள் கணினிகளுக்கு வருவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. நல்ல ஏற்பாடு. அந்த அளவுக்கு யோசிக்காமல் பள்ளிகள் பயன்படுத்துகிற வாட்ஸ்அப் குழு எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை. குழுவில் 40 பெற்றோர் இருக்கிறார்கள். நம் பிள்ளை தடுக்கித் தடுக்கி வாசித்தது 40 வீட்டில் ஒலிக்கிறது. எங்கள் சுற்றுவட்டாரப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அனுப்பிய வாசிப்பை வேறொரு பையன் சேமித்துவைத்து, அதை மறுபடி மறுபடி போட்டுக் காட்டி, போகிற வருகிற இடமெல்லாம் அதே மாதிரி பேசிக் காட்டினான். அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கே போகவில்லை. கேலி புதிதில்லை. முன்பு கேலி வகுப்பு மணியடித்ததும் கலைந்துவிடும், இப்போது அது கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. ஆசிரியர் நினைத்தால் இதைத் தவிர்ப்பது ஒரு நிமிட வேலை. குழுவுக்கு அனுப்பச் சொல்லாமல் தன் எண்ணுக்குத் தனியாக அனுப்பச் சொன்னால் போதும்.

போன் யாரிடம் இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். சேவூர், அவிநாசிச் சுற்றில் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போகிற வீடுகளில் ஒரு நல்ல போன் இருந்தால் அது அம்மாவோடோ அப்பாவோடோ காலையில் கம்பெனி வண்டி ஏறிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு அது திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும், அல்லது தூக்கக் கலக்கத்தில் வாசிக்கும். செக்கிங்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அம்மா, "சீக்கிரம் வாசிச்சு முடி கண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பதிவில் தொலைக்காட்சி சத்தம் இருக்கும், பக்கத்து வீட்டுச் சண்டை இருக்கும். ஒற்றை அறை வீட்டில் வேறென்ன இருக்கும்? 'தெளிவில்லை, மறுபடி அனுப்பு' என்று பதில் வருகிறது. வாசிப்பைச் சோதிப்பதாகச் சொல்லி வீட்டின் சுவரைச் சோதிக்கிறார்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லாமல் போனால் நியாயமில்லை. சேவூரை ஒட்டிய ஒரு காலனியில் நடக்கும் எங்கள் மாலை வகுப்பில் மூன்று பழைய போன்கள் இருக்கின்றன. சிம் கிடையாது, இணையம் கிடையாது, பதிவு செய்கிற செயலி மட்டும் உண்டு. பிள்ளை போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாசிக்கும், கேட்கும், அழிக்கும், மறுபடி வாசிக்கும். தனக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு வந்து நீட்டும். நாங்கள் அந்த ஒன்றை மட்டும் கேட்போம். மதிப்பெண் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவோம். எங்கே திக்கினோம், எங்கே மூச்சு விட்டோம், எந்தச் சொல்லை விழுங்கினோம் என்று அதுவே சொல்லும். 'ழ' வேண்டுமானால் அதையும் அதுவே பிடித்துக்கொள்ளும். ழகரம் கற்றுக்கொள்ளக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மேடையில் பேச, நேர்முகத் தேர்வுக்குப் போக, வழக்காட எல்லாவற்றுக்கும் எழுத்துத் தமிழும் அதன் ஒலிப்பும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். வீட்டுப் பேச்சை மிதித்துத்தான் அதில் ஏற வேண்டும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

வாசிப்பைவிட அதிகம் பலன் கொடுத்தது இன்னொன்று. பிள்ளைகள் தாங்களே ஒரு விஷயத்தைப் பேசிப் பதிவு செய்து, பிறகு அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுவது. 'கட்டுரை எழுது' என்றால் பேனாவைக் கடிக்கிற பிள்ளை, 'நேத்து என்ன நடந்துச்சு சொல்லு' என்றால் ஐந்து நிமிடம் பேசும். அந்த ஐந்து நிமிடம்தான் கட்டுரை. வந்துட்டுப் போனாங்க என்று கேட்டதை வந்துவிட்டுப் போனார்கள் என்று எழுதும்போது பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் உள்ள கணக்கு இலக்கணப் புத்தகம் திறக்காமலே பிடிபடுகிறது. தெலுங்கில் பேசிப் பதிவு செய்துவிட்டுத் தமிழில் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இரண்டு மொழியிலும் சொற்கள் கூடுகின்றன.

அப்படி எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் பாட்டியைப் பதிவு செய்துகொண்டு வந்தாள். பாட்டி அந்தக் காலத்தில் கடலைக்காட்டில் காய் ஆய்ந்தது, எத்தனை வள்ளம் ஆய்ந்தால் ஒரு வள்ளம் கூலி என்பது, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. வள்ளம் என்றால் என்ன என்று வகுப்பில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை, அதையே ஒரு நாள் பேசினோம். எழுதிக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் அந்தப் பெண் நிறுத்திவிட்டாள். பாட்டி, தோட்டத்துக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையனைப் பற்றிச் சொல்லும்போது 'சின்னச் சாமி வந்தாருங்க' என்கிறார். அந்தப் பையன் பாட்டியைப் பேர் சொல்லி 'வாடி' என்று கூப்பிட்டதையும் அவர் வாயாலேயே, சாதாரணமாக, சொல்கிறார். "இதை எழுதணுமா?" என்று கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அசிங்கமாக இருக்கிறது, விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். அப்படியே எழுத வேண்டும் என்றார்கள் சிலர். எழுது என்றுதான் நாங்கள் சொன்னோம்.

'ங்க' போட்டுப் பேசுவது கொங்குத் தமிழின் அழகு, மரியாதைப் பேச்சு என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறது. அந்த 'ங்க' எந்தத் திசையில் போகிறது, எந்தத் திசையில் திரும்பி வருவதில்லை என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. ஒரு பத்து நிமிடப் பதிவைக் கேட்டு எழுதினால் அது பிள்ளைக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. இது சேவூர் காவல் நிலைய எல்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2018 ஜூலையில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தபோது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது இங்கேதான். சமைத்த சோறு வேண்டாம் என்று சொன்ன ஊரில், பிள்ளையின் உச்சரிப்பைப் பற்றிய தீர்ப்பு மட்டும் சாதி கடந்து வரும் என்று நம்ப முடியுமா?

குரல் போய்ச் சேரும் இடத்துக்கு வருவோம். நம் மண்ணின் பேச்சைப் பதிவு செய்வது நேற்று வந்த யோசனை இல்லை. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி வெள்ளைக்கார அரசு 1913க்கும் 1929க்கும் இடையில் கிராமபோன் தட்டுகளில் இந்திய மொழிகளைப் பதிவு செய்தது. சென்னை மாகாணம் எழுத்துக் கணக்கெடுப்பில் சேராவிட்டாலும் ஒலிப்பதிவில் தமிழ் உண்டு. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை ஊர் ஊராக அவரவர் பேச்சில் சொல்ல வைத்தார்கள். அந்தத் தட்டுகள் இந்தியாவுக்கு வரவிருந்த ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கப் பயன்பட்டன. பேசியவர்களின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு எழுத்தும் வந்து சேரவில்லை.

இன்று மறுபடி எல்லாரும் குரல் கேட்கிறார்கள். ஒன்றிய அரசின் பாஷினி திட்டம் 2022இல் தொடங்கியது, அதில் மக்களிடம் குரல் கொடை கேட்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏ.ஐ.4பாரத் குழு 22 மொழிகளில் குரல் சேகரித்திருக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் தமிழில் வாசித்துப் பதிவேற்றலாம். நம் பேச்சு அதில் இல்லாமல் போனால் நாளை வருகிற செயலிகள் நம்மைப் புரிந்துகொள்ளாது. அதனால் விரும்புகிற, வயது வந்த தோழர்கள் கொடுங்கள் என்றே சொல்வோம், தெரிந்து கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் கதை வேறு. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. செயலியில் 'சம்மதம்' என்று பிள்ளையே ஒரு தட்டு தட்டிவிட்டால் அது ஒப்புதல் ஆகாது. எதற்கு, எத்தனை நாளைக்கு, யார் கேட்பார்கள், எப்படி அழிப்பது என்று அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். நம் அம்மாக்கள் பலர் அந்தக் குழுவில் பெயரளவில் இருக்கிறார்கள். கூட்டம் வேலை நாளில் நடக்கிறது, போனால் அன்றைய கூலி போகும், அதனால் கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வருகிற கல்லூரித் தோழர்கள் அடுத்த கூட்டத்தின் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள், அம்மாக்களோடு கூடப் போங்கள். குரல் வீட்டுப்பாடம் குழுவுக்குப் போகக் கூடாது என்பதையும், பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தை வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் வாசித்துப் பதிவு செய்ய மாலையில் அரை மணி நேரம் திறந்துவைக்க வேண்டும் என்பதையும் தீர்மானமாகவே எழுத வைக்கலாம். இரண்டுக்கும் பைசா செலவில்லை.

எங்கள் மூன்று போன்களில் ஒன்று போன வாரம் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிட்டது. வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால் கொடுங்கள். திரை கீறியிருந்தாலும் கேமரா ஓடாவிட்டாலும் பரவாயில்லை, மைக் ஓட வேண்டும். உங்கள் படங்களையும் எண்களையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.